அம்மாவின் கதவுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 76. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் விடியற்காலையில் அம்மா வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்தும், கதவு உள்ளே தாழிட்டிருந்ததால் ஆசாரியை அழைத்து வந்து திறக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே அம்மா இரண்டு முறை சாவியைத் தொலைத்திருக்கிறார். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்துத் திருடியதும் எங்களைக் கலங்கவைத்துவிட்டது. சாவியில்லாத டிஜிட்டல் பூட்டு போட நினைக்கிறேன். கைரேகை, முக அடையாளம், வைஃபை, கேமரா எல்லாம் சேர்ந்த 32,000 ரூபாய்ப் பூட்டு ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரி,

அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறார் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, திருட்டுப் பயத்தில் எழுதிய கடிதமாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை ‘உள்ளே தாழிட்டிருந்ததால்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த 32,000 ரூபாய்ப் பூட்டு அன்றைக்கு உங்கள் கதவில் இருந்து, மாமாவின் கைரேகையும் அதில் பதிவாகியிருந்தால்கூட, அவர் வெளியேதான் நின்றிருப்பார். பூட்டு திறந்திருக்கும். தாழ்ப்பாள் திறந்திருக்காது.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டால்தான் உறக்கம் வருகிறது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. பழைய பூட்டுகள் பலவற்றில் நாக்கு அரை அங்குலம்தான் வெளியே நீளும். இரவுக்கு உண்மையான காவல் தாழ்ப்பாள்தான். ஆகவே நீங்கள் வாங்கப்போகும் பூட்டு, தாழ்ப்பாளின் வேலையையும் சேர்த்துச் செய்யும் அளவுக்குப் பலமானதாக இருக்க வேண்டும். அப்போதுதான் “இனி இதைப் போட வேண்டாம், அம்மா” என்று நீங்கள் தயக்கமில்லாமல் சொல்ல முடியும். வாங்குவதற்கு முன்பே அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். அவர் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். டிஜிட்டல் பூட்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கொண்டு, அம்மாவின் படுக்கையிலும் குளியலறையிலும் அழுத்தினால் மாமா வீட்டில் ஒலிக்கும் கம்பியில்லா அழைப்பு மணி வாங்கிவிடலாம். ஒப்புக்கொண்டார் என்றால், மன நிம்மதிக்குக் கதவுச் சங்கிலி ஒன்று இருக்கட்டும். கதவு நான்கு விரல் அகலம் திறக்கும், வந்தவர் முகம் தெரியும், அவசரம் என்றால் இரும்பு வெட்டும் கருவியால் நொடியில் அறுத்துவிடலாம்.

கடையில் இன்னொன்றையும் கேளுங்கள். டிஜிட்டல் பூட்டுகள் பலவற்றில் உட்புறம் ஒரு சிறு திருகோ பொத்தானோ இருக்கும். உள்ளே இருப்பவர் அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து கைரேகையும் எண்ணும் வேலை செய்யா. சில பூட்டுகளில் உரிமையாளரின் எண்ணோ அவசரச் சாவியோ அதையும் மீறித் திறக்கும்; சிலவற்றில் எதுவுமே திறக்காது. உங்கள் வீட்டுக்கு முதல் வகைதான் வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், உள்ளே ஒருவரை நிறுத்திப் பொத்தானைப் போடச் சொல்லி, வெளியிலிருந்து நீங்களே திறந்து பாருங்கள். முன் தாழ்வாரத்தில் கிரில் கேட் இருந்து அம்மா இரவில் அதற்கும் பூட்டுப் போடுகிறார் என்றால், அதன் மாற்றுச் சாவி மாமாவிடம் இருக்க வேண்டும்.

நான் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவன். திருச்சியில் 27 ஆண்டுகளாகக் கதவுப் பூட்டுகள் பொருத்திவருகிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த அன்று எங்கள் தெருவே மகிழ்ந்தது. ஆனாலும் உங்கள் அம்மாவுக்குச் சாவிப் பூட்டே போதும் என்று சொல்ல மாட்டேன். சாவியைத் தொலைக்கும் ஒருவருக்குச் சாவியில்லாப் பூட்டு பெரிய உதவி. இன்னொரு நன்மையும் உண்டு: வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கே அறிவிக்கிறது. கதவோடு சேர்ந்த பூட்டில் அந்த அறிவிப்பு இல்லை.

இனி, எதை வைத்துத் திறப்பது? கைரேகை என்றால் எல்லோருக்கும் ஆசை. ஆனால் வயதானவர்களின் விரலில் தோல் மெலிந்து வறண்டு ரேகை தேய்ந்திருக்கும். எழுபது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்து, மாவரைத்து, துணி துவைத்த விரல்கள் அவை. இதைச் சோதிக்கக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது அம்மாவுக்கு முதல் முறையே பதிகிறதா, நான்கைந்து முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே தடுமாறும் விரல், கதவிலும் தடுமாறும். பதிகிறது என்றால் இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல்களைப் பதிவு செய்யுங்கள். ஒரே விரலை ஈரமில்லாமல் ஒரு முறை, கை கழுவித் துடைத்தபின் ஒரு முறை எனத் தனித்தனிப் பதிவாக வைப்பதும் நல்லது. மருதாணி இட்ட நாட்களிலும், அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வரும்போதும் கைரேகை ஏமாற்றும். அப்போது எண் இருக்க வேண்டும்.

எண் பலகையை அம்மாவின் கண்ணால் பாருங்கள். அடர்ந்த கறுப்புக் கண்ணாடியில் தொட்டால் மட்டும் ஒளிரும் எண்கள் கடையில் அழகாக இருக்கும். கண்புரை உள்ளவருக்கு நண்பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் விரலுக்குத் தெரியும் பொத்தான்களே அவருக்கு ஏற்றவை. நான்கு இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள்தான் உண்டு. ஆறு இலக்கத்தில் 10 லட்சம். நாளாக ஆக, அடிக்கடி தொடும் பொத்தான்கள் மங்கிக் காட்டிக்கொடுக்கும். நான்கு பொத்தான்கள் மங்கியிருந்து, எண்ணும் நான்கு இலக்கம்தான் என்றால், முயன்று பார்க்க வேண்டியவை வெறும் 24. ஆகவே ஆறு இலக்கம் வையுங்கள். உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும் வசதி இப்போது பல பூட்டுகளில் உள்ளது. உறவினர்கள் நிற்கும்போது அது உதவும். பிறந்த ஆண்டு, வண்டி எண், கதவு எண் வேண்டாம். அம்மா பிறந்த வீட்டில் எத்தனை மாடுகள், எத்தனை தென்னை மரங்கள், கிணற்றுக்கு எத்தனை படிகள் என்று அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு ஏதாவது இருக்கும். அதிலிருந்து ஆறு இலக்கம் கோத்துக்கொடுங்கள், மறக்க மாட்டார். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருக்கும் 123456 போன்ற தொடக்க எண்ணைப் பொருத்திய அன்றே மாற்றிவிடுங்கள். பொருத்த வந்தவர் முன்னால் மாற்றாமல், அவர் போனபின் மாற்றுங்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கைரேகையும் எண்ணும் அம்மாவுக்குக் கடினம் என்றால் வில்லை இருக்கிறது. நாணயம் போன்ற சிறு வில்லையைப் பூட்டின் மேல் காட்டினால் போதும். சுருக்குப் பையில் தைத்துவிடலாம். தொலைந்தாலும் அந்த வில்லையை மட்டும் பூட்டின் நினைவிலிருந்து நீக்கிவிடலாம். பூட்டை மாற்ற வேண்டியதில்லை. மாமாவுக்கும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். ஒரே எண்ணை எல்லோருக்கும் கொடுத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அனைவருக்கும் மாற்ற வேண்டிவரும்.

முக அடையாளமும் கேமராவும் உங்களுக்கு வேண்டாம். பேட்டரியைத் தின்னும், விலையைக் கூட்டும். வாசலைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கேமரா பொருத்துங்கள். அது பழுதானாலும் கதவு பழுதாகாது.

வைஃபை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரிலிருந்தே கதவைத் திறக்கலாம் என்ற நம்பிக்கைதான் உங்களை அந்தப் பூட்டை நோக்கி இழுத்திருக்கும். மின்தடை வந்தால் பூட்டு நிற்காது, அது பேட்டரியில் ஓடுகிறது. ஆனால் வீட்டிலுள்ள இணையப் பெட்டி நின்றுவிடும். பெங்களூரிலிருந்து அனுப்பும் கட்டளை கும்பகோணம் வந்து சேராது. ஆபத்தும் மழையும் மின்தடையும் ஒரே இரவில் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைவிட, மாமாவுக்கு ஓர் எண் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை முடிந்துவிடும். இணையம் இல்லாமலே எண்ணும் கைரேகையும் முழுமையாக இயங்க வேண்டும் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நிறுவனம் செயலியை நிறுத்திவிட்டால் பூட்டும் நின்றுவிடும் என்ற நிலை எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

மின்னணுப் பூட்டை யாராவது கருவி வைத்துத் திறந்துவிடுவார்களா என்ற பயம் நியாயமானது. 2018-இல் சீனாவின் யோங்காங் நகரில் நடந்த கதவுக் கண்காட்சியில், கையடக்கக் கறுப்புப் பெட்டி ஒன்றை அருகில் காட்டியே பல பூட்டுகளை நொடிகளில் திறந்துகாட்டினார்கள். பெட்டிக்குள் இருந்தது மின்காந்தத் துடிப்பை எழுப்பும் டெஸ்லா சுருள். அந்தத் துடிப்பில் பூட்டின் சில்லு குழம்பி மீண்டும் தொடங்கும். மீண்டும் தொடங்கும்போது கதவைத் திறந்துவிடும்படி சில பூட்டுகள் அமைக்கப்பட்டிருந்தன. அதன்பின் பல நிறுவனங்கள் திருத்திக்கொண்டன. பெயரில்லாமல் பாதி விலைக்கு வரும் பூட்டில் திருத்தினார்களா என்று கேட்க ஆளே கிடைக்காது. மலிவான சிலவற்றில் வலுவான காந்தத்தை வெளியில் வைத்தாலே உள்ளிருக்கும் மின்காந்த ஊசி நகர்ந்துவிடும். ஆகவே உத்தரவாதமும், கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ பழுது பார்க்கும் ஆளும் உள்ள நிறுவனத்தின் பூட்டை மட்டும் வாங்குங்கள்.

ஆனாலும் என் அனுபவத்தில் நம் ஊர் வீடுகளுக்கு வந்த திருடர்கள் டெஸ்லா சுருளோடு வரவில்லை. கடப்பாரையோடு வந்தார்கள். கடப்பாரைக்கு எண்ணும் தெரியாது, கைரேகையும் தெரியாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே நுழைந்து நெம்பும். அப்போது தாங்கி நிற்க வேண்டியவை பூட்டின் நாக்கும், நிலையில் அந்த நாக்கு நுழையும் தகடும், தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளும். நாக்கு சாய்வாக இருந்து ஸ்பிரிங்கில் ஓடினால் பிளாஸ்டிக் அட்டையால்கூடத் தள்ளிவிடலாம். சதுரமான, தள்ளினால் பின்வாங்காத இரும்பு நாக்கு வேண்டும். குறைந்தது ஓர் அங்குலம் நிலைக்குள் நுழைய வேண்டும். பெட்டியோடு வரும் தகட்டுத் திருகுகள் பெரும்பாலும் முக்கால் அங்குலம்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டரை அங்குலத் திருகுகள் போடச் சொல்லுங்கள். செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் அதிகப் பாதுகாப்பு தருவது இதுதான். நிலைக் கட்டையில் கரையான் அரித்திருக்கிறதா என்றும் ஆசாரியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொல்லைக் கதவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய வீடுகளில் வாசல் கதவு தேக்கு; கொல்லைக் கதவு தகரமோ மெல்லிய பலகையோ, கொண்டியும் நாதாங்கியும் துருப்பிடித்திருக்கும். வாசலில் 32,000 ரூபாய்ப் பூட்டைப் பார்த்தவன் சந்து வழியாகப் பின்பக்கம் போவான். அங்கே டிஜிட்டல் பூட்டு எதுவும் வேண்டாம். உள்பக்கம் சுவருக்குச் சுவர் கணையமரம் போட்டிருந்தார்களே நம் முன்னோர், அதையே இரும்புப் பட்டையில் செய்து மாட்டுங்கள். பட்டறையில் அரை நாள் வேலை.

வாசல் கதவுக்கு வருவோம். டிஜிட்டல் பூட்டில் இரண்டு வகை உண்டு. கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்குவது மார்டைஸ் வகை. கதவின் உள்முகத்தில் பெட்டியாக ஏற்றுவது இன்னொன்று. மார்டைஸ் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவான கதவைக் குடைந்தால் இரண்டு பக்கமும் மெல்லிய மரமே மிஞ்சும், அதே இடத்தில் கதவு பிளக்கும். கதவுச் சட்டத்தின் அகலமும் போதாமல் போகலாம். பழைய தேக்குக் கதவுக்குப் பெட்டி வகையே என் விருப்பம்: ஒன்றிரண்டு துளைகளோடு முடிந்துவிடும், பின்னாளில் கழற்றினாலும் கதவு கெடாது. இரட்டைக் கதவாக இருந்தால், பூட்டு ஏறாத பக்கக் கதவை மேலும் கீழும் தாழிட்டு அசையாமல் நிறுத்தியபின்தான் எந்தப் பூட்டும் வேலை செய்யும். ஐப்பசி மழையில் மரம் உப்பிக் கதவு இழுத்துப் பிடிக்கும் வீடாக இருந்தால், முதலில் இழைப்புளி போட்டுச் சரிசெய்யுங்கள். உப்பிய கதவில் நாக்கைத் தள்ளித் தள்ளி மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும், ஒரு நாள் பாதி நுழைந்த நாக்கோடு நின்றுவிடும். கதவுக்கு மேற்கு வெயிலும் சாரலும் நேரே படுகிறதா என்றும் பாருங்கள். படுகிறது என்றால் மேலே ஒரு சிறு தகரக் கூரை தேவைப்படும்.

தானே பூட்டிக்கொள்ளும் வசதியைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். உங்கள் அம்மாவுக்கு அது ஆபத்து. என்னை அழைத்த ஒரு வீட்டில், அதிகாலை ஐந்தரைக்குக் கோலம் போட வெளியே வந்த பெரியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் காற்றில் கதவு சாத்திக்கொண்டு பூட்டிவிட்டது. அடுப்பில் பால். கோலமாவு படிந்த விரலைப் பூட்டு ஏற்கவில்லை, பதற்றத்தில் எண் நினைவுக்கு வரவில்லை. அவசரச் சாவி எங்கே என்று கேட்டேன். பீரோவுக்குள், நகைப் பெட்டியோடு பத்திரமாக இருந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்து எரிவாயு பரவத் தொடங்கியிருந்தது. சன்னல் வழியாகக் கம்பை விட்டு அடுப்பின் குமிழைத் திருப்பும்வரை அந்த அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலைக்குப் பின், பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் தானியங்கிப் பூட்டலை நான் அணைத்துவிட்டுத்தான் வருகிறேன். அவசரச் சாவியில் ஒன்று மாமா வீட்டில், ஒன்று உங்களிடம், வீட்டுக்குள் வேண்டாம்.

உள்ளிருந்து வெளியே வருவதற்கு எண்ணோ விரலோ பேட்டரியோ தேவைப்படக் கூடாது. இருட்டில், புகையில், ஒரே கைப்பிடித் திருப்பலில் கதவு திறக்க வேண்டும். அம்மாவின் மணிக்கட்டுக்கு அந்தத் திருப்பல் எளிதாக இருக்கிறதா என்று அவரையே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டைக் குமிழைவிட நீளக் கைப்பிடி நல்லது.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு ஆல்கலைன் பென்சில் பேட்டரிகள்; வைஃபை இல்லாவிட்டால் பல மாதங்கள் வரும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரியைப் போடாதீர்கள், அவற்றில் எச்சரிக்கை ஒலி மிகத் தாமதமாக வரும். எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் தைப்பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். முற்றிலும் தீர்ந்துபோனால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியையோ பவர் பேங்க் கம்பியையோ தொட்டு உயிர்கொடுக்கும் இடம் பூட்டின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத பூட்டை வாங்காதீர்கள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் கிடைக்கும்: பெட்டி வகை, சதுர நாக்கு, அழுத்தும் பொத்தான்கள், கைரேகை, வில்லை, அவசரச் சாவி, உள்ளே நீளக் கைப்பிடி. மீதிப் பணத்தில் கொல்லைப்புறத்துக்கு இரும்புப் பட்டையும் அம்மாவுக்கு அழைப்பு மணியும் முடிந்துவிடும். பொருத்தும் நாளில் நீங்கள் கட்டாயம் ஊரில் இருங்கள். முதல் ஒரு வாரம் பழைய பூட்டையும் கழற்றாமல் வைத்திருந்து, அம்மா தினமும் நான்கைந்து முறை தானே திறந்து பூட்டிப் பழகட்டும். அம்மா உங்களோடு பெங்களூரில் தங்கும் நாட்களில் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாசல் கதவின் கனத்தையும் பூட்டு இருக்கும் பக்கத்துச் சட்டத்தின் அகலத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள். கொல்லைக் கதவின் கொண்டியில் எத்தனை திருகுகள், அவற்றில் எத்தனை கையாலேயே கழல்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரேஷன் கடையில் அம்மாவின் எந்த விரல் பதிகிறது என்றும் கேட்டுவிடுங்கள்.